பத்து நிமிடம் முந்திய கடிகாரம்

அய்யாவுக்குக் கருமாதி முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய அன்று எனக்காகக் காத்திருந்த புகார் இது: ரத்தம் எடுப்பதற்கு முன்பே பரிசோதனை முடிவு வந்துவிடுகிறது.

ராமநாதபுரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் நான் கம்ப்யூட்டர் ஆள். நெட்வொர்க், கேமரா, பில் போடும் மென்பொருள், பிரிண்டரில் சிக்கிக்கொண்ட காகிதம், எதுவானாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். டாக்டர் ஒருவர் இரண்டு தாள்களை என் முன்னால் போட்டார். ஒரு நோயாளிக்குச் சர்க்கரை பார்க்க ரத்தம் எடுத்த நேரம் ஒன்றில் இருந்தது. அது வார்டு கம்ப்யூட்டர் போட்டது. இன்னொன்று ஆய்வகத்தின் முடிவு. அதில் இருந்த நேரம் அதற்கும் ஐந்து நிமிடம் முந்தி இருந்தது.

"நம்ம லேப்ல ஜோசியம் பாத்து ரிசல்ட் குடுக்குறாங்களா தம்பி?" என்றார்.

சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்தது. சிரித்தேன்.

அதே கட்டடத்தின் இரண்டாவது மாடியில், தீவிர சிகிச்சைப் பிரிவில்தான் அய்யா இறந்தார். அந்தக் கதவைக் கடந்துதான் எங்கும் போக வேண்டும். கடக்கும்போது நெஞ்சு கனக்கும் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. படியேறியதில் முழங்கால் வலித்தது, அவ்வளவுதான். சுடுகாட்டிலும் எனக்கு அழுகை வரவில்லை. பார்த்தவர்கள் "தாங்கிக்கிட்டான்" என்று பேசிக்கொண்டார்கள். தாங்குவதற்கு முதலில் பாரம் தெரிய வேண்டும். எனக்கு மொட்டைத் தலையில் வெயில் பட்டால் எரிந்தது, அது மட்டும் தெரிந்தது.

எங்கள் ஊர் திருவாடானைக்குப் பக்கத்தில். அங்கே வேறொரு பிரச்சினை ஓடிக்கொண்டிருந்தது. மருத்துவமனை கொடுத்த தாளில் அய்யாவின் உயிர் பிரிந்த நேரம் மாலை 4.35 என்று அச்சாகியிருந்தது. அய்யாவின் தம்பி, என் சித்தப்பா, அதை எடுத்துக்கொண்டு ஜோசியரிடம் போய்ப் பஞ்சாங்கம் பார்த்து வந்தார். அன்றைக்கு நாலரை மணி வரைக்கும் திருவோணம், அதற்குப் பிறகு அவிட்டம். அவிட்டத்தில் உயிர் போனால் அடைப்பு. செத்தவர் வாழ்ந்த வீட்டை ஆறு மாதம் பூட்டிப் போட வேண்டும். யாரும் உள்ளே புழங்கக் கூடாது. மீறினால் அந்த வீட்டில் இன்னொரு சாவு விழும் என்பார்கள். எங்கள் பக்கம் இதில் யாரும் விளையாட மாட்டார்கள். திருவோணமாக இருந்தால் இந்தத் தொல்லை எதுவும் கிடையாது.

என் போனில் இருந்த பஞ்சாங்கத்தைத் திறந்து பார்த்தேன். அதில் நட்சத்திரம் மாறும் நேரம் வேறாக இருந்தது. சித்தப்பாவிடம் காட்டினேன்.

"அது வேற பஞ்சாங்கம்லே. நம்ம பாக்குறது இது" என்று போனைத் தள்ளிவிட்டார்.

இரண்டு பஞ்சாங்கமும் ஒத்துப்போகாமலே தலைமுறை தலைமுறையாக ஓடிக்கொண்டிருக்கின்றன. அதைச் சரிசெய்ய எந்தக் கம்ப்யூட்டர் ஆளையும் யாரும் கூப்பிட்டதில்லை. முப்பதாம் நாள் படைத்து முப்பது கும்பிட்ட மறுநாள் வீட்டை அடைப்பது என்று பேசி முடித்தார்கள்.

அம்மா அதைக் கேட்டு ஒடுங்கிப் போனாள். கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்தவள், ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களைத் தவிர வேறெங்கும் இரவு தங்கியதில்லை. சினைமாடு ஒன்று, நாலைந்து ஆடுகள். ராமநாதபுரத்தில் என் வாடகை வீடு மூன்றாவது மாடியில் இருக்கிறது, ஒற்றைப் படுக்கையறை. எப்போதாவது வருவாள். வந்தால் மத்தியானச் சோறு இறங்குவதற்குள் "கடைசி பஸ் எத்தன மணிக்கு?" என்று ஆரம்பித்துவிடுவாள்.

"மாட்ட யாரு பாப்பா? நான் அங்கன வந்து சுவத்தப் பாத்துக்கிட்டு உக்காரணுமா?" என்றாள்.

"என்ன மதினி செய்யிறது. நேரம் அப்புடி அமைஞ்சு போச்சு" என்றார் சித்தப்பா. அவர் கெட்டவர் இல்லை. பயந்தவர்.

துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அம்மா ஒரே ஒரு விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். ராமேஸ்வரத்துக் கோடித் தீர்த்தம் ஒரு சின்னச் செம்பில் எங்கள் வீட்டில் எப்போதும் இருக்கும். அய்யாவை மருத்துவமனையில் சேர்த்த நாளிலிருந்து அதைப் பையில் வைத்துக்கொண்டே திரிந்தாள். அந்தப் பிரிவுக்குள் உறவினர்களை மாலை நாலரைக்குத்தான் விடுவார்கள். அன்றைக்குக் கதவு திறந்ததும் முதல் ஆளாக ஏறிப் போய், குழாய் செருகிய வாயின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விட்டிருக்கிறாள். நர்ஸ் தடுக்கவில்லை. "நெஞ்சு ஏறி எறங்குச்சு. தீத்தம் உள்ள போச்சு. எங்கையால வாங்கிக் குடிச்சுட்டுத்தான் போனாரு" என்பாள். சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு தெளிவு வரும். நான் அப்போது அங்கே இல்லை. உள்ளே கிடைக்காத ஒரு மருந்துக்காகப் பஸ் நிலையத்துப் பக்கம் கடை கடையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

இப்படி ஒரு நிலைமையில்தான் ரத்தப் பரிசோதனைப் புகார் என் கைக்கு வந்தது. வேலை இருந்தது நல்லதாகப் போயிற்று. வேலை செய்கிறவனை யாரும் ஆறுதல் சொல்லி வதைப்பதில்லை.

ஒவ்வொரு கம்ப்யூட்டருக்குள்ளும் ஒரு சிறிய கடிகாரம் இருக்கிறது. எதுவும் சரியாக ஓடாது. ஒன்று மெல்ல முந்தும், ஒன்று மெல்லப் பிந்தும். அதனால் ஒரு கட்டடத்தில் ஒன்றைத் தலைமையாக வைத்துவிடுவோம். மற்றவை அவ்வப்போது அதனிடம் மணி கேட்டுத் தங்களைத் திருத்திக்கொள்ளும். தலைமைக் கம்ப்யூட்டர் இணையத்தில் உள்ள சரியான கடிகாரத்தைக் கேட்டுக்கொள்ளும். கேட்கிறவை ஒழுங்காகக் கேட்டு, சொல்வதும் ஒழுங்காகச் சொன்னால் யாருக்கும் இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

போனைக் கையில் பிடித்துக்கொண்டு வார்டு வார்டாகப் போய் மணியை ஒப்பிட்டுப் பார்த்தேன். பழைய இயந்திரம் என்றால் உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி செத்திருக்கும், மணி கண்டபடி ஓடும் என்று நினைத்துத்தான் தொடங்கினேன். அப்படி இல்லை. வரவேற்பில் பத்து நிமிடம் கூடுதல். மருந்தகத்திலும் பத்து. பிரசவ வார்டில் பத்து. தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ் மேஜையிலும் அதே பத்து. ஆய்வகம் மட்டும் சரியாக இருந்தது. அங்கிருந்த பரிசோதனைக் கருவியை விற்றவர்கள் அதைத் தனியாக இணையத்தோடு இணைத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஆளாளுக்கு ஒரு மாதிரி தப்பாக இருந்தால் தப்பு ஆளுடையது. எல்லாம் ஒரே அளவில் தப்பாக இருந்தால் மேலே இருப்பதைப் பார்க்க வேண்டும். யாரிடம் மணி கேட்கிறாய் என்று ஒவ்வொன்றிடமும் ஒரு கட்டளை தட்டிக் கேட்டேன். எல்லாம் மேலாளர் அறையைக் காட்டின.

மேலாளர் ஒரு தனியார் பள்ளி அலுவலகத்திலிருந்து சில மாதங்களுக்கு முன் வந்தவர். தலைமைக் கம்ப்யூட்டர் அவர் அறையில் இருந்ததால் அதையே தன் மேஜைக் கம்ப்யூட்டராகவும் வைத்துக்கொண்டிருந்தார். சுவரில் மாட்டியிருந்த கடிகாரமும் பத்து நிமிடம் கூடுதலாக ஓடியது.

"சார், இதுல மணியை நீங்க மாத்துனீங்களா?"

"ஆமா. வந்த மொத வாரமே மாத்திட்டேன். எட்டு மணி டூட்டிக்கு எட்டேகாலுக்கு வாராங்க தம்பி. பத்து நிமிஷம் கூட வச்சதும் கொஞ்சம் சொல்லுக்கு அடங்குறாங்க."

"இது தானா திரும்பச் சரியான மணிக்குப் போயிருமே சார்."

"போச்சு, போச்சு. நான் வைக்கிறேன், அது திரும்பிப் போவுது. அப்பறம் ஒரு கம்ப்யூட்டர் கடைக்காரரக் கூப்பிட்டு வெளிய மணி கேக்குறத நிப்பாட்டச் சொன்னேன். இப்ப சொன்ன பேச்சுக் கேக்குது" என்று பெருமையாகச் சொன்னார்.

அவர் மேல் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. என்னத்தைச் சொல்லிக் கோபப்படுவது? என் வீட்டிலேயே சுவர்க் கடிகாரம் கால் மணி கூடுதல். பிள்ளையின் பள்ளி வேனைப் பிடிப்பதற்காக என் மனைவி வைத்தது. ஊரில் டீக்கடையிலும் சலூனிலும் இப்படித்தான். சரியான மணி காட்டும் கடிகாரம் உள்ள வீட்டை இந்த ஜில்லாவில் தேடித்தான் பிடிக்க வேண்டும். கூடுதல் என்று எல்லாருக்கும் தெரியும். பார்க்கிறவன் மனதுக்குள் கழித்துக்கொண்டு நிதானமாகக் கிளம்புவான். மருத்துவமனை நர்ஸுகளும் இந்நேரம் கழிக்கப் பழகியிருப்பார்கள். கம்ப்யூட்டருக்குத்தான் கழிக்கத் தெரியாது. சொன்ன மணியை நம்பி, ரத்தம் எடுத்ததையும் பிள்ளை பிறந்ததையும் அப்படியே எழுதிக்கொண்டிருந்தது.

ஆள் செத்ததையும் எழுதியிருக்கும் என்பது எனக்கு அவர் நாற்காலியில் உட்கார்ந்து மணியைத் திருத்தப் போகும்போதுதான் உறைத்தது. அய்யாவின் நேரம் நர்ஸ் மேஜைக் கம்ப்யூட்டரில் பதிந்தது. 4.35 என்றால் உண்மையில் 4.25. அப்படியானால் திருவோணம். வீட்டை அடைக்க வேண்டியதில்லை. மாடு அங்கேயே கன்று போடும். அம்மா தன் வீட்டில் தன் பாயில் படுத்துக்கொள்ளலாம்.

படிக்கட்டில் நின்று சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். அவர் இரண்டு தரம் திரும்பக் கேட்டார்.

"நெசமாத்தானாலே? அப்பத் திருவோணந்தான. அடைக்க வேண்டியதில்ல. நான் இப்பமே மதினிட்ட சொல்லிர்றேன்."

"வேணாம் சித்தப்பா. நாளைக்கு வாரேன். வந்து நேர்ல சொல்லுவோம்."

அவள் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது. பல நாட்களுக்குப் பிறகு எனக்கு வந்த ஆசை அது ஒன்றுதான். போனை வைத்துவிட்டு மூன்று படி இறங்கியிருப்பேன். எதிரே சுவரில் பார்வையாளர் நேரம் எழுதிய பலகை. மாலை 4.30.

அம்மா மேலே ஏறியது நாலரைக்குப் பிறகு. அய்யா போனது நாலரைக்கு முன்பு. ஏறி இறங்கியது அய்யாவின் மூச்சு இல்லை. செயற்கைச் சுவாச மெஷினை அவர்கள் இன்னும் நிறுத்தாமல் இருந்திருக்கிறார்கள்.

படியிலேயே உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை. மண்டைக்குள் கணக்கு மட்டும் ஓடியது. ஒரே ஒரு ஓட்டை இருந்தது. கீழே கதவைத் திறந்துவிடும் வாட்ச்மேன் எந்த மணியைப் பார்த்துத் திறந்தார்? வரவேற்புக் கம்ப்யூட்டரைப் பார்த்துத் திறந்திருந்தால் அதுவும் பத்து நிமிடம் கூடுதல். அம்மா உண்மையில் நாலு இருபதுக்கே மேலே போயிருப்பாள். அய்யா உயிரோடு இருந்திருப்பார். திருவோணமும் இருக்கும், தீர்த்தமும் இருக்கும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். வாட்ச்மேன் தப்பான கடிகாரத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

வாட்ச்மேன் பெரியபட்டினத்துக்காரர், அய்யா வயதுதான் இருக்கும். துபாயில் பல வருஷம் இருந்துவிட்டு வந்தவர்.

"சாயந்தரம் எந்தக் கடியாரம் பாத்துக் கதவத் தொறப்பீங்க பாய்?"

"என் போனுதான் தம்பி. தொழுகைக்கு வக்து பாக்குறது இதுலதான். ஒரு நிமிஷம் முன்னப் பின்ன இருக்காது."

"ரிசப்ஷன் கம்ப்யூட்டர்ல பாக்க மாட்டீங்களா? எப்பவாச்சும்?"

"அது கூட ஓடுதுல்ல" என்றார், ஊருக்கே தெரிந்ததை நான் மட்டும் கேட்கிற மாதிரி. "அதப் பாத்து விட்டா டாக்டர் என்னை வையமாட்டாரா?"

அவர் போனை வாங்கி என் போனோடு வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒன்றாக இருந்தன. அன்று பணியில் இருந்த நர்ஸைக் கேட்டால் ஒரே வார்த்தையில் தெரிந்துவிடும். அவள் எதிரே வந்தபோது நான் போனைக் காதில் வைத்துப் பேசுவது போல நடந்தேன். அவளும் என்னைப் பார்க்காமல் போனாள்.

மேலாளர் அறைக்குத் திரும்பி வேலையை முடித்தேன். முந்தி ஓடும் கடிகாரத்தைச் சட்டென்று பின்னால் தள்ளக் கூடாது. தள்ளினால் அந்தப் பத்து நிமிடம் இரண்டு தரம் நடந்ததாகிவிடும், பதிவுகள் ஒன்றோடொன்று மோதும். கடிகாரத்தைக் கொஞ்சம் மெதுவாக ஓடவிட்டு, உண்மையான நேரம் வந்து சேரும் வரை காத்திருக்க வேண்டும். அப்படி வைத்தேன். இடைவெளி மெல்ல மெல்லக் குறைவதைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பழைய ரெக்கார்டெல்லாம் என்ன செய்யிறது?" என்றார் மேலாளர்.

"அது அப்படியேதான் சார் இருக்கும். யாராவது கேட்டு எழுதிக் குடுத்தா அதை மட்டும் மாத்தலாம்."

மறுநாள் ஊருக்குப் பஸ் ஏறினேன். உப்பூர் தாண்டும் வரைக்கும் என்ன சொல்வது என்று யோசித்தேன், பிறகு யோசிப்பதை விட்டுவிட்டேன். சித்தப்பாவிடம் தனியாகப் பேசி வாயைக் கட்டலாம் என்றிருந்தேன். நான் போகும்போது அவர் எங்கள் மாட்டுக்கொட்டகையில் அம்மாவோடு நின்றுகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அவரால் பொறுக்க முடியவில்லை.

"மதினி, ஆஸ்பத்திரிக் கடியாரம் பத்து நிமிஷம் கூட ஓடியிருக்கு. இவந்தான் கண்டுபிடிச்சிருக்கான். அண்ணன் போனது நாலரைக்கு முன்னாடியாம். திருவோணம். வீட்ட அடைக்க வேணாம்."

அம்மா வைக்கோலை உதறிக்கொண்டிருந்தாள். உதறுவது நின்றது.

"நாலரைக்கு முன்னாடியா?"

"நாலு இருவத்தஞ்சு" என்றார் சித்தப்பா, நல்ல சேதி சொல்கிறவரின் குரலில்.

அம்மா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். "நாலரைக்குத்தானப்பா கதவத் தொறந்தாக."

நான் கீழே சிதறிய வைக்கோலைக் காலால் ஒதுக்கினேன்.

"அந்தப் பாய் அன்னைக்கி முன்னக்கூட்டித் தொறந்திருப்பாரோ?"

நான் பிடித்துத் தொங்கிய அதே கிளையில் அவளும் வந்து தொங்கினாள். ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் எனக்குப் பொய்யும் வரவில்லை, வேறு எதுவும் வரவில்லை.

"இல்லம்மா. கேட்டுட்டேன்."

"நெஞ்சு ஏறி எறங்குச்சேப்பா."

"அது மிஷினும்மா."

சொன்ன பிறகுதான் அதன் கொடூரம் எனக்கே கேட்டது. அம்மா வைக்கோலை மாட்டின் முன்னால் போட்டு, கையில் ஒட்டியிருந்ததை முந்தானையில் தட்டினாள். அவள் முகத்தில் இத்தனை நாள் இருந்த அந்தத் தெளிவைக் காணவில்லை. நான்தான் அதை எடுத்துவிட்டேன். சித்தப்பாவுக்கு அப்போதுதான் மெல்லப் புரிந்தது. அவர் மாட்டின் முதுகைத் தடவ ஆரம்பித்தார்.

அம்மா அவர் பக்கம் திரும்பிக் கேட்டாள். "தாள்ல என்ன போட்டிருக்கு?"

"நாலு முப்பத்தஞ்சுன்னு இருக்கு மதினி. இவன் எழுதிக் குடுத்தா மாத்திக் குடுப்பாங்களாம்."

"மாத்த வேணாம்."

"மாத்தாட்டி அடைப்புல்ல?"

"அடைங்க. உங்கண்ணன் எங்கையால தீத்தம் குடிச்சுட்டுத்தான் போனாரு. போனது அவிட்டத்துல. ஆறு மாசமும் அடைங்க."

சித்தப்பா என்னைப் பார்த்தார். கண்டுபிடித்தவன் நான்தானே, நான் சொன்னால் கேட்பாள் என்று நினைத்திருப்பார். அம்மாவும் என்னைப் பார்த்தாள். என்னிடம் சரியான மணி இருந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை.

"அடைச்சிருவோம்மா" என்றேன்.

மாட்டையும் ஆடுகளையும் சித்தப்பா தன் கொட்டகைக்கு ஓட்டிப் போனார். முப்பது கும்பிட்ட மறுநாள் வீட்டைப் பூட்டி, அம்மாவை ஒரு துணிப்பையோடு ராமநாதபுரம் கூட்டி வந்தேன். மூன்றாவது மாடியில் அவள் பெரும்பாலும் சன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பஸ் எத்தனை மணிக்கு என்று ஒரு தரம்கூடக் கேட்கவில்லை.

ஒருநாள் எதிர்வீட்டு அம்மா பேச்சுக் கொடுக்க வந்தார். ஊரில் வீடு இருக்கும்போது ஏன் இங்கே வந்து இருக்கிறீர்கள் என்று கேட்டார். அடைப்பு என்றாள் அம்மா. அவருக்கும் நாள் நட்சத்திரத்தில் ஈடுபாடு உண்டு போலிருக்கிறது.

"எத்தன மணிக்குப் போனாரு?" என்று கேட்டார்.

அம்மா மெல்லத் திரும்பி, சோற்றில் கை வைத்திருந்த என்னைப் பார்த்தாள். அவ்வளவு பயத்தோடு அவள் என்னைப் பார்த்ததே இல்லை.

"நாலு முப்பத்தஞ்சு" என்றேன். "சரியா நாலு முப்பத்தஞ்சு."

சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. அய்யா செத்ததற்கு நான் அன்றைக்குத்தான் அழுதேன்.